அம்பு ஒட்டாத பீஸ்

ஜனவரி 19, ஞாயிறு

இந்த டைரி என் மகள் ஹேமாவுக்கு வந்தது. அவள் பில் போடும் வேலை பார்த்த நூல் கடையில் வருசா வருசம் எல்லாருக்கும் ஒன்று கொடுப்பார்கள். அட்டையில் பேர் போட அக்டோபரிலேயே அச்சுக்குக் கொடுத்துவிட்டார்களாம். அதனால் ஆள் போன பிறகும் பேர் வந்துவிட்டது. தங்க எழுத்தில் எம். ஹேமலதா. கூட வேலை செய்த பெண் டிபன் டப்பா, குடை, இந்த டைரி மூன்றையும் கொண்டுவந்து கொடுத்தாள். தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

தீபாவளி முடிந்து மூன்றாம் நாள் ஹேமா போனாள். ஆறு நாள் காய்ச்சல். இருபத்தொன்பது வயசு.

நான் எட்டாவது பாதி வரைக்கும் படித்தவள். எழுத வரும், வேகமாக வராது. இவளுடைய அப்பா போய்ப் பதினான்கு வருசம். வீட்டில் நான் மட்டும்தான். யாரிடமும் சொல்ல முடியாத ஒன்றை இதில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகு கை வரவில்லை. துவைக்கிற துணி கிடக்கிறது.

ஜனவரி 21, செவ்வாய்

பொங்கல் முடிந்ததிலிருந்து மறுபடி வேலைக்குப் போகிறேன்.

எனக்கு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வருகிற துணியை ட்யூப்லைட் மேசையில் விரித்துக் கழுத்து, தோள், கை, பக்கத் தையல், அடி மடிப்பு என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் எது இருந்தாலும் அங்கே சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் தைத்த டெய்லருக்கே திருப்பி அனுப்புவோம். அம்பு ஒட்டாத பீஸ் அயர்னுக்குப் போகும், அங்கிருந்து பெட்டிக்கு, பிறகு கப்பலுக்கு. பத்தொன்பது வருசமாக இதைத்தான் செய்கிறேன். டெய்லர்களுக்கு என்னைக் கண்டாலே ஆகாது. சாமியே வந்து முன்னால் நின்றாலும் வசந்தாமணியக்கா ஒரு அம்பு ஒட்டித்தான் அனுப்பும் என்பார்கள். அதைக் கேட்டுப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

ஹேமாவின் போனை அணைக்க மனசு வரவில்லை. சார்ஜ் போட்டே வைத்திருக்கிறேன். சாயங்காலம் அது ஒரு சத்தம் கொடுத்தது. அவள் கதை எழுதுகிற ஆப்பிலிருந்து வந்தது. ‘உங்கள் வாசகர்கள் அடுத்த அத்தியாயத்துக்குக் காத்திருக்கிறார்கள்’ என்று இருந்தது.

காத்திருக்கிற வாசகர்கள் யார் என்று எனக்குத் தெரியும்.

ஜனவரி 22, புதன்

எழுத உட்கார்ந்தேன். கரண்ட் போய்விட்டது. நல்லதாகப் போயிற்று.

ஜனவரி 26, ஞாயிறு

இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

ஹேமா அந்த ஆப்பில் ஒரு தொடர்கதை எழுதிவந்தாள். பேர் ‘ஏழாம் நம்பர் வீடு’. எங்களைப் போல லைன் வீட்டில் இருக்கிற ஒரு அம்மா, ஒரு மகள். அந்த அம்மாவுக்கும் செக்கிங் வேலைதான். எழுதுகிறவள் பேர் என்று ஹேமா வைத்துக்கொண்டது வசந்தமகள். எனக்கு அதைச் சொன்னபோது சிரித்துக்கொண்டே, உன் பேரையும் சேர்த்துக் கப்பலில் ஏத்திட்டேன் பாரு என்றாள்.

முதல் மூன்று அத்தியாயம் போட்டபோது யாருமே ஒன்றும் எழுதவில்லை. வேலை விட்டு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் போனைத் தடவித் தடவிப் பார்ப்பாள். மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டுப் பதில் சொல்லாமல் விட்ட வருசம் அது. அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அதனால் நான் மூன்று வாசகி ஆனேன்.

என் நம்பரில் பூவரசி. அவளுடைய அப்பாவின் பழைய சிம்மில் கோவைக்கிளி. பக்கத்து மேசை சகுந்தலாவின் நம்பரை வாங்கி தங்கம். போட்டிக்கு ஓட்டுப் போட வேண்டும் என்று சொல்லி சகுந்தலாவிடம் ஓடிபி வாங்கினேன். ஹேமா அத்தியாயம் போட்ட மறுநாள் டீ நேரத்தில் ஒரு வாசகி, சாப்பாட்டு நேரத்தில் ஒரு வாசகி, சாயங்காலம் ஒரு வாசகி. என்ன எழுதுவது என்று தெரியாது. அதனால் மூன்று பேரும் ஒரே மாதிரிதான் எழுதுவோம். அருமை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. குறை எதுவும் இல்லை.

சில அத்தியாயத்தை முழுதாகப் படிக்காமலேயே எழுதியிருக்கிறேன். வேலைக்கு நடுவில் எங்கே நேரம். ஒரு தடவை ஏதோ சாவு வருகிற அத்தியாயத்துக்குக் கோவைக்கிளி ‘சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது’ என்று எழுதிவிட்டாள். ஹேமா அதை என்னிடமே காட்டி, இந்த அம்மா கொஞ்சம் லூசு போலிருக்கு என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

மகள் சந்தோசப்பட்டாள். அதற்குத்தானே செய்தேன். இதில் என்ன தப்பு.

ஜனவரி 27, திங்கள்

நேற்று எழுதியதைப் படித்தேன். கடைசி வரி பொய்.

ஜனவரி 30, வியாழன்

நாலாவது அத்தியாயத்தில் நாலாவதாக ஒரு வாசகி வந்தாள். பர்வீன் நிசா, அறந்தாங்கி. இது நிஜ ஆள். அவள் எழுதியது ஒரு முழ நீளப் பத்தி. பஸ் ஸ்டாப்பில் அந்தப் பெண் செருப்பு அறுந்து நிற்கிற இடம் அவ்வளவு நன்றாக இருக்கிறதாம். ஆனால் உங்கள் கதையில் யாராவது அழுதால் உடனே மழை பெய்கிறது, நாலு அத்தியாயத்தில் மூன்று தடவை பெய்துவிட்டது, திருப்பூரில் அவ்வளவு மழையா என்று கேட்டிருந்தாள்.

எனக்கு ரத்தம் கொதித்தது. ஹேமா பாவம், அழுவாள் என்று நினைத்தேன். அவள் போனைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு ஓடிவந்தாள்.

“அம்மா, இங்க பாரு. ஒருத்தங்க என்ற கதைய நெசமாலுமே படிச்சிருக்காங்க.”

மூன்று பேர் அருமை அருமை என்று எழுதியபோது அவள் அடுப்படி வரைக்கும் ஓடிவந்ததில்லை. அதை அப்போதே கவனித்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் பர்வீன் நிசா வந்தாள். இந்த இடம் நீளம், இந்தப் பேச்சு சினிமா மாதிரி இருக்கிறது, இந்த ஒரு வரிக்காக இரண்டு தடவை படித்தேன் என்றெல்லாம் எழுதுவாள். ஹேமா அதையெல்லாம் ஒரு நோட்டில் பச்சைப் பேனாவில் எழுதி வைத்துக்கொள்வாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அடித்து அடித்துத் திருப்பி எழுதுவாள்.

ஜூலையில் பதினைந்தாவது அத்தியாயம். அதற்கு அவள் எழுதியது எனக்கு மனப்பாடம். ‘இந்த அம்மாவை நான் நம்பவில்லை. பதினைந்து அத்தியாயமாக ஒரு தப்பும் செய்யாத மனுசியாக இருக்கிறார். யாரும் அப்படி இருக்க முடியாது. அவரை ஒரு தப்பாவது செய்ய விடுங்கள், அப்போதுதான் எனக்கு அவர் மேல் பாசம் வரும்.’

அன்றைக்குப் பத்தரை டீக்கு பூவரசி போய் அவளைத் திட்டினாள். உனக்கு வேலை வெட்டி இல்லையா, குறை சொல்லவே பிறந்தவளா, நீ ஒரு கதை எழுதிக் காட்டு பார்ப்போம் என்று. மகளுக்காகத்தான் திட்டினேன்.

பர்வீன் நிசா அதற்குப் பிறகு வரவில்லை. பதினாறு போட்டாள், வரவில்லை. பதினேழு போட்டாள், வரவில்லை. ஹேமா நாளுக்கு நாள் சுருங்கிப் போனாள். செப்டம்பரில் ஒரு நாள் எங்களுக்குள் சண்டைகூட வந்தது. எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

பிப்ரவரி 2, ஞாயிறு

பீரோவில் அவள் துணியை ஒழுங்கு செய்யலாம் என்று திறந்தேன். மாம்பழக் கலர் சேலைக்கு அடியில் அந்த நோட்டு இருந்தது. பின்பக்கத்தில் பதினெட்டாவது அத்தியாயம். ஆப்பில் போடாதது. அக்டோபரில் எழுதியிருக்கிறாள்.

மத்தியானம் சோறு வைக்காமல் படித்தேன். நான் ஒரு அத்தியாயத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தது இதுதான் முதல் தடவை. இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

அதில் வருகிற மகள் பாட்டுக் கட்டுகிறவள். அவள் பாட்டை மெச்சி மூன்று பேர் எழுதுகிறார்கள். அந்த மூன்று பேரும் அவளுடைய அம்மாதான் என்று மகள் கண்டுபிடிக்கிறாள். மெச்சி எழுதுவதெல்லாம் அம்மா வேலை செய்கிற கம்பெனியின் டீ நேரத்திலும் சாப்பாட்டு நேரத்திலும் மட்டும் வருகிறது. அதை வைத்துக் கண்டுபிடிக்கிறாள். கெட்டிக்காரி. சரிதான், அப்படித்தான் இருக்கும்.

ஒரு இடத்தை அப்படியே எழுதி வைக்கிறேன். ‘ஊரான் வீட்டுப் பிள்ளை போடப்போகிற சட்டைக்கு அம்மா அவ்வளவு கண் வைத்துப் பார்ப்பாள். ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தால் விடமாட்டாள். என்னை மட்டும் அவள் விரித்தே பார்க்கவில்லை. பாஸ் என்று தள்ளிவிட்டாள்.’

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தே என்னோடு ஒரு மாசம் இருந்து, ஒரே தட்டில் சாப்பிட்டு, தீபாவளிக்கு எனக்குச் சேலை எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

பிப்ரவரி 4, செவ்வாய்

வேலைக்குப் போனேன். வந்தேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

இன்று கம்பெனியில் ஒன்று நடந்தது. சின்னப் பிள்ளைகள் போடுகிற மஞ்சள் டீ-சர்ட் ஓடுகிறது. பாத்ரூம் போய்விட்டு வந்தேன். சகுந்தலா என் மேசையில் நின்று, நான் பாஸ் பண்ணி அடுக்கியதை எடுத்து மறுபடி பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கையில் அம்பு ரோல். நான் வந்ததைப் பார்த்ததும் ரோலை முந்தானைக்குள் மறைத்தாள்.

என்ன செய்கிறாய் என்று கேட்டேன். முதலில் ஒன்றும் இல்லை என்றாள். அப்புறம் சொல்லிவிட்டாள். நான் திரும்ப வேலைக்கு வந்த நாளிலிருந்து என் பீஸ் எல்லாவற்றையும் அவள்தான் ரகசியமாக இரண்டாம் தடவை பார்க்கிறாளாம். சூப்பர்வைசருக்கும் தெரியுமாம். லைனில் எல்லாருக்கும் தெரியுமாம்.

“நல்லாப் பாக்கறீங்கன்னு நேத்துக்கூடச் சொன்னியே சகுந்தலா.”

“வேற என்னத்தைச் சொல்லச் சொல்றீங்கக்கா? பொண்ணைப் பறிகொடுத்துட்டு வந்து நிக்கறவங்ககிட்ட, ஓட்டையத் தாண்டிப் போறீங்கன்னு எந்த வாயில சொல்றது?”

அவள் அம்பு ஒட்டி வைத்திருந்த ஒன்றை எடுத்துப் பார்த்தேன். கக்கத்தில் ஓட்டை. என் சுண்டுவிரல் உள்ளே போனது. பத்தொன்பது வருசச் செக்கர் பாஸ் பண்ணிய பீஸ் அது.

கோபம் வந்தது. மூன்று வாரமாக என்னை வெறுமனே உட்காரவைத்து எல்லாரும் சேர்ந்து விளையாட்டுக் காட்டியிருக்கிறார்கள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சரியாகப் பார்த்திருப்பேன். வேண்டாம், வீட்டுக்குப் போங்கள் என்றுகூடச் சொல்லியிருக்கலாம். இது அதைவிடக் கேவலமாக இருந்தது. டீ எடுத்துக்கொண்டு படிக்கட்டில் போய் உட்கார்ந்தேன்.

டீ ஆறிப்போயிற்று. ஹேமாவும் இப்படித்தானே உட்கார்ந்திருப்பாள்.

பிப்ரவரி 9, ஞாயிறு

பர்வீன் நிசாவுக்கு எழுதினேன். அந்த ஆப்பில் தனியாகக் கடிதம் மாதிரி அனுப்ப வழி இருக்கிறது. ஹேமாவின் போனிலிருந்து அனுப்பாமல் பூவரசியின் பேரிலிருந்தே அனுப்பினேன். திட்டியவள் யார் என்று தெரிய வேண்டும் அல்லவா.

நான் வசந்தமகள் ஹேமாவின் அம்மா வசந்தாமணி என்று எழுதி, என் போன் நம்பரையும் போட்டேன். ஹேமா இல்லை என்று எழுதினேன். மூன்று வாசகியும் நான்தான், உங்களைத் திட்டியதும் நான்தான் என்று எழுதினேன். நோட்டில் உங்கள் வார்த்தையெல்லாம் பச்சை மையில் இருக்கிறது, கடைசி அத்தியாயம் ஒன்று இருக்கிறது, அதைப் படித்து எப்படி இருக்கிறது என்று சொல்ல முடியுமா என்று கேட்டேன். அதை இதுவரைக்கும் படித்தது நான் ஒருத்திதான். நான் படித்ததை ஒரு கணக்காகச் சேர்க்க முடியாது. ஒருத்தராவது ஒழுங்காகப் படிக்காமல் அந்த நோட்டைத் திரும்ப பீரோவில் வைக்க என்னால் முடியாது.

அனுப்பிய பிறகு ஜூலையில் எழுதிய திட்டைத் தேடி எடுத்துப் படித்தேன். முப்பதாம் தேதி இந்த டைரியில் அதை எழுதியபோது ஒரு வரியை விட்டுவிட்டேன். மறந்து விடவில்லை. பூவரசி கடைசியாக எழுதியது இது: ‘எங்க ஊட்டு அம்மாவைப் பத்திச் சொல்ல உங்க ஆளுக யாரு. உங்க ஊட்டுக் கதைய நீங்க எழுதிக்கங்க.’

அவள் பேரைப் பார்த்துத்தான் அப்படி எழுதினேன். அந்த வரியில் மகளுக்காக ஒன்றும் இல்லை. கதையில் இருக்கிற அம்மா நான். என்னை நம்பவில்லை என்று ஒருத்தி சொன்னாள். அவளை எங்கே அடித்தால் வலிக்கும் என்று தேடி அடித்தேன்.

குறை பார்க்கிற கண் இதற்கும் உதவியிருக்கிறது.

பிப்ரவரி 11, செவ்வாய்

பதில் இல்லை. சகுந்தலாவிடம் பேசினேன். இனிமேல் என் பீஸில் தப்பிருந்தால் என் முன்னாலேயே என் மேசையிலேயே அம்பு ஒட்டு என்றேன். அவள் அழுதாள். பிறகு மத்தியானத்துக்குள் ஏழு ஒட்டினாள். ஒட்டும்போது ஒவ்வொரு தடவையும் ‘கோவிச்சுக்காதீங்கக்கா’ என்றாள். எட்டாவதுக்குச் சொல்லவில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

சாயங்காலம் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. பின்னால் மெசின் ஓடுகிற சத்தம். முதலில் ஏதோ கம்பெனி என்று நினைத்தேன்.

“வசந்தாமணி அக்காவா? நான் பர்வீன் நிசா.”

நான் எழுதியதை நாலு தடவை படித்ததாகச் சொன்னாள். ஹேமா போய்விட்டாள் என்ற இடத்தைத் தாண்டி முதல் மூன்று தடவை படிக்க முடியவில்லையாம். அவள் அறந்தாங்கியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். ஆதார் கார்டும் ரேசன் கார்டும் காப்பி எடுக்கிற நேரத்துக்கு நடுவில்தான் கதை படிப்பாளாம். என் குரலை வைத்து என்ன வயசு என்று கேட்டாள், ஐம்பத்திரண்டு என்றேன். அவளுக்கு முப்பத்தாறு.

நான் மன்னிப்புக் கேட்டேன். கேட்கும்போது நின்றுகொண்டேன், ஏன் என்று தெரியவில்லை.

“அந்தக் கடைசி வரி எனக்கு மறக்கலக்கா. மறந்துட்டேன்னு சொன்னா பொய்யாயிரும். எங்க வீட்டுக்காரர்கிட்டகூடச் சொல்லல. சொன்னா, இனி இதெல்லாம் படிக்காதன்னுருவாரு. மன்னிச்சுட்டேன்னு வாய் வார்த்தைக்குச் சொல்ல எனக்கு வராது.”

சொல்ல வேண்டாம் என்றேன்.

“ஆனா ஹேமா எழுதுனதப் படிப்பேன். அது வேற, இது வேற. ஒண்ணு மட்டும் இப்பவே சொல்லிர்றேன். போயிட்ட புள்ள எழுதுனது, நல்லதா மட்டும் சொல்லணும்னா எனக்கு அனுப்பாதீங்க.”

“அம்பு ஒட்டுங்க அம்மிணி,” என்றேன். அவளுக்குப் புரியவில்லை. செக்கிங் வேலையைப் பற்றிச் சொன்னேன். கேட்டுவிட்டு, இது கதையிலேயே வருகிறதே என்றாள். எத்தனையாவது அத்தியாயம் என்றும் சொன்னாள். எனக்குத் தெரியாது.

பிப்ரவரி 16, ஞாயிறு

பதினெட்டாவது அத்தியாயம் முப்பத்தோரு பக்கம். ஒவ்வொன்றாகப் போட்டோ எடுத்து அனுப்பினேன். அவசரத்தில் நாலைந்து மங்கிவிட்டது. அவள் எந்தப் பக்கம் மங்கல் என்று நம்பர் போட்டுக் கேட்டாள், மறுபடி எடுத்தேன். குழம்பு அடிப்பிடித்துவிட்டது.

பிப்ரவரி 23, ஞாயிறு

பர்வீன் பேசி அனுப்பியிருக்கிறாள். ஒன்பது நிமிசம். கடைக்கு வெளியே நின்று பேசியிருப்பாள் போலிருக்கிறது, பஸ் ஹாரன் எல்லாம் கேட்கிறது. ஐந்து தடவை கேட்டுவிட்டேன்.

முதலில் வெகு நேரம் நல்லதைச் சொன்னாள். ஹேமா எழுதியதில் இதுதான் நிஜமான அத்தியாயம் என்றாள். அந்தச் சட்டை வரியை வாய்விட்டுப் படித்துக் காட்டினாள். அவள் குரலில் அது வேறு மாதிரி இருந்தது. பிறகு, “அக்கா, கவனிச்சீங்களா? மொட்டை மாடில அந்தப் பொண்ணு உக்காந்து அழுகுது. மழை பெய்யல. வெயில் அடிக்குது, காயப்போட்ட துணி வெறச்சுப்போய்க் கிடக்குது. அது எனக்கு எழுதுனதுக்கா,” என்றாள். அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

பிறகு ஒரு குறை சொன்னாள். அதையும் அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

“அந்தப் பொண்ணு டீ நேரத்த வச்சுக் கண்டுபிடிச்சான்னு எழுதியிருக்காங்க. அத என்னால நம்ப முடியலக்கா. திருப்பூர்ல எல்லாக் கம்பெனிக்கும் ஏறக்குறைய அதே நேரந்தானே டீ? அந்நேரத்துக்கு ஆயிரம் பேரு போனை எடுப்பாங்க. அதுவும் ஆப்புல பாத்தா மூணாவது ஆளு சாயங்காலம் எழுதுது. அத விட்டுட்டாங்க. அங்க வேற என்னமோ நடந்திருக்கு. ஹேமா அத எழுதாம மூடிட்டாங்க. அந்த அம்மாவக் காப்பாத்தப் பாக்குறாங்க. பதினஞ்சாவதுல நான் சொன்னேன்ல, அதே தப்பு. கதை அந்த இடத்துல மட்டும் பொய் சொல்லுது.”

பிப்ரவரி 24, திங்கள்

வேலைக்குப் போகவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை.

மார்ச் 1, சனி

சகுந்தலா இன்று இரண்டே அம்புதான் ஒட்டினாள். நான் வீட்டுக்கு வரும்போது என் அம்பு ரோலிலிருந்து ஒரு முழம் கிழித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு வந்தேன். பத்தொன்பது வருசத்தில் கம்பெனிப் பொருள் எதையும் எடுத்ததில்லை.

மார்ச் 2, ஞாயிறு

பர்வீன் கண்டுபிடித்துவிட்டாள். முகத்தைக்கூடப் பார்க்காமல், நான் மங்கலாக எடுத்த போட்டோவை வைத்துக் கண்டுபிடித்துவிட்டாள். சண்டை எல்லா வீட்டிலும் நடப்பதுதான் என்று எழுதினேனே, அதுதான் அது. நோட்டைப் பார்த்த பிறகுதான் அவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரிந்தது போல எழுதியதும் பொய்.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் நான் தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். ஹேமா போனைப் பார்த்தபடி, பர்வீன் போனதுக்குக் காரணமே அந்தப் பூவரசிதான் என்றாள். கதையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லத் தெரியாது, அருமை அருமை என்று ஒட்டிக்கொண்டு, இருந்த ஒரு நல்ல வாசகியையும் விரட்டிவிட்டாள், வெறும் பொம்பளை, அவளை பிளாக் பண்ணப்போகிறேன் என்றாள். அவள் என்னைச் சொல்லவில்லை. பூவரசியைச் சொன்னாள். ஆனால் எனக்குக் கரண்டி கையிலிருந்து விழுந்தது.

அப்போது நான் ஒன்று சொன்னேன். ஹேமா நிமிர்ந்து பார்த்தாள். வாயில் இருந்த சோற்றை மெல்லாமல் அப்படியே வைத்துக்கொண்டு பார்த்தாள். பிறகு மென்றாள். தட்டைக் கழுவி வைத்தாள். துணி காயப் போட வேண்டும் என்று பக்கெட்டை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனாள். நல்ல வெயில். சாயங்காலம்தான் கீழே வந்தாள். மறுநாள் எப்போதும் போல, அம்மா டிபன் கட்டியாச்சா என்று கேட்டாள். ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் பேசவில்லை. அவள் மறந்துவிட்டாள் என்று வைத்துக்கொண்டேன்.

அவள் மறக்கவில்லை. எழுத உட்கார்ந்தபோது அந்த இடம் வந்திருக்கிறது. நான் சொன்னதை அப்படியே எழுதியிருந்தால் படிக்கிற எல்லாரும் நம்பியிருப்பார்கள். அதை எடுத்துவிட்டு டீ நேரத்தை வைத்திருக்கிறாள். கதை கெட்டாலும் பரவாயில்லை, அம்மா கெட வேண்டாம் என்று என்னை பாஸ் பண்ணியிருக்கிறாள்.

காலையில் நோட்டைத் தரையில் விரித்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, மேசையில் பார்ப்பது போல மேலிருந்து கீழே விரலை ஓட்டிக்கொண்டு வந்தேன். பன்னிரண்டாம் பக்கத்தில், ‘டீ நேரத்தில் மட்டும்’ என்ற வரிக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு அம்பு ஒட்டினேன். தைத்தவளுக்குத் திருப்பி அனுப்ப வேண்டிய பீஸ். தைத்தவள் இல்லை. அதனால் ஓரத்தில் நானே பென்சிலால் எழுதினேன். அவள் எழுத்துக்குப் பக்கத்தில் என் எழுத்து கோழி கிண்டியது போல இருக்கிறது.

‘ஹேமா, இந்த இடம் சரியில்லை. நீயாகக் கண்டுபிடிக்கவில்லை. அம்மா தன் வாயால் சொன்னாள். சொன்னது இதுதான்: நாந்தான்டி பூவரசி. கோவைக்கிளியும் நாந்தான், தங்கமும் நாந்தான். பண்ணு, எங்க மூணு பேரையும் பிளாக் பண்ணு. அப்பறம் உன்ற கதைய நாய்கூட மோந்து பாக்காது.’

அதைப் போட்டோ எடுத்து பர்வீனுக்கு அனுப்பினேன். இந்தத் தடவை மங்கவில்லை. பிறகு துணி துவைத்தேன், அரிசி களைந்து வைத்தேன்.

மத்தியானம் பதில் வந்தது. ஆறுதலாக ஏதாவது எழுதுவாள் என்று நினைக்கவில்லை. அவள் எழுதவும் இல்லை. ஒரே ஒரு வரி.

‘இப்ப நம்புறேன்க்கா.’